தூக்கி எறிந்த லாம்டா

பொறியியல் முதலாண்டுக் கணிதத் தாளில் ஒரு கேள்வி உண்டு. என் காலத்தில் வந்தது. எனக்கு மூத்தவர்கள் காலத்திலும் வந்தது. போன மாதம் பக்கத்து வீட்டுப் பெண் படித்துக்கொண்டிருந்த கைடிலும் பார்த்தேன், எண்கள்கூட மாறாமல் அப்படியே இருக்கிறது. மேல்புறம் திறந்த செவ்வகத் தொட்டி, கொள்ளளவு 32, மிகக் குறைந்த தகட்டில் செய்ய வேண்டும், நீள அகல உயரம் காண்க. விடை 4, 4, 2. வினாத்தாளைக் கையில் வாங்கிய உடனேயே முகம் மலர வைக்கும் கணக்கு இது. பதினாறு மதிப்பெண், கண்ணை மூடிக்கொண்டு போடலாம்.

போடும் வழிக்கு லக்ராஞ்ச் பெருக்கி முறை என்று பெயர். எதைக் குறைக்க வேண்டுமோ அதை முதலில் எழுதுவோம். இங்கே தகட்டின் பரப்பு. எந்த நிபந்தனையை மீறக் கூடாதோ அதை அடுத்து எழுதி, முன்னால் லாம்டா என்ற கிரேக்க எழுத்தை ஒட்டுவோம், இங்கே கொள்ளளவு. இரண்டையும் சேர்த்து ஒரே கோவையாக்கி, நீளம், அகலம், உயரம் மூன்றையும் பொறுத்துத் தனித்தனியே வகையிட்டுச் சுழிக்குச் சமன் செய்வோம். மூன்று சமன்பாடுகள் வரும். மூன்றிலும் லாம்டா தொற்றிக்கொண்டு நிற்கும். "லாம்டாவை மொதல்ல கழட்டி விட்டுடு தம்பி, அப்புறம் எல்லாம் தானா வந்துடும்" என்பார் எங்கள் ஆசிரியர். கழற்றி விட்டோம். எல்லாம் தானாக வந்தது. கழற்றிய லாம்டா என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை.

அதன் மதிப்பு 1. அந்த ஒன்றைக் குப்பையில் போட்டதுதான் அந்தப் பதினாறு மதிப்பெண் கணக்கில் நாங்கள் செய்த பெரிய தவறு. எந்தத் திருத்துநரும் அதற்காக மதிப்பெண்ணைக் குறைத்ததில்லை என்பது வேறு விஷயம்.

ஏன் தவறு என்பதைத் தகடு வெட்டும் இடத்திலேயே நின்று பார்க்கலாம். அளவுகளை அடியில் வைத்துக்கொள்வோம். 32 கன அடி என்றால் ஏறக்குறைய 900 லிட்டர், ஒரு வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. பட்டறைக்காரர் கணக்கெல்லாம் பார்க்காமல் 8 அடி நீளம், 4 அடி அகலம், 1 அடி உயரம் என்று செய்துவிட்டார் என்று கொள்வோம். கொள்ளளவு சரியாக 32. தகடு எவ்வளவு ஆயிற்று? அடித்தளம் 32 சதுர அடி. நீளப் பக்கச் சுவர்கள் இரண்டும் சேர்ந்து 16, அகலப் பக்கச் சுவர்கள் இரண்டும் சேர்ந்து 8. மொத்தம் 56.

இப்போது அந்தத் தொட்டியிடம் ஒரு கேள்வி கேட்போம். உன்னைக் கொஞ்சம் பெரிதாக்கினால், கூடுகிற ஒவ்வொரு கன அடிக்கும் எவ்வளவு தகடு பிடிக்கும்? எந்தப் பக்கமாக நீட்டுகிறோம் என்பதைப் பொறுத்து அது மூன்று விதமாகப் பதில் சொல்லும். நீளத்தைக் கூட்டினால், கூடும் ஒவ்வொரு அடிக்கும் அடித்தளத்தில் 4 சதுர அடி, இரு பக்கச் சுவர்களிலும் ஒவ்வொன்று, ஆக 6 சதுர அடி தகடு பிடிக்கும். கொள்ளளவோ 4 கன அடிதான் கூடும். கன அடிக்கு ஒன்றரை சதுர அடி. அகலத்தைக் கூட்டினால் 10 சதுர அடிக்கு 8 கன அடி கிடைக்கும். கன அடிக்கு ஒன்றேகால். உயரத்தைக் கூட்டினால்? சுற்றளவு 24 அடி, ஆகவே 24 சதுர அடி தகட்டுக்கு 32 கன அடி. கன அடிக்கு முக்கால் சதுர அடி போதும்.

ஒரே பொருளை மூன்று கடைகள் மூன்று விலைக்கு விற்கின்றன. இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாரா நம் வீட்டு அம்மா? நீளத்தில் இருந்து ஒரு கன அடியை விற்றால் ஒன்றரை சதுர அடி தகடு கைக்கு வரும். அதே கன அடியை உயரத்தில் வாங்க முக்கால்தான் செலவு. கொள்ளளவு மாறவில்லை, முக்கால் சதுர அடி மிச்சம். நீளத்தைக் குறைத்து உயரத்தை ஏற்றிக்கொண்டே போனால், நீளம் மெல்ல மெல்ல மலிவாகும், உயரம் மெல்ல மெல்ல விலை ஏறும். எப்போது நிறுத்த வேண்டும்? மூன்று கடைகளிலும் விலை ஒன்றாகும்போது. அதற்குமேல் எதை விற்று எதை வாங்கினாலும் ஒரு பைசா லாபம் இல்லை.

4, 4, 2 தொட்டிக்கு வாருங்கள். நீளத்தை நீட்டினால் 8 சதுர அடிக்கு 8 கன அடி. அகலமும் அப்படியே. உயரத்தை ஏற்றினால் 16 சதுர அடிக்கு 16 கன அடி. மூன்று திசையிலும் கன அடிக்குச் சரியாக 1 சதுர அடி. நாங்கள் கழற்றி விட்ட லாம்டா இதுதான். அந்த மூன்று சமன்பாடுகளும் வேறொன்றும் சொல்லவில்லை: மூன்று கடையிலும் விலை ஒன்று, அந்த ஒற்றை விலையின் பெயர் லாம்டா. மொத்தத் தகடு 48 சதுர அடி. பட்டறைக்காரர் செய்ததைவிட 8 சதுர அடி குறைவு.

அந்த 1 இன்னொன்றும் சொல்கிறது. வாடிக்கையாளர் வந்து, "32 பத்தாது, 33 கன அடி வேணும்" என்கிறார். தொட்டியை மறுபடி முதலில் இருந்து கணக்குப் போட வேண்டுமா? வேண்டாம். கூடுதல் கன அடி ஒன்று, விலை ஒன்று, ஆகவே 49 சதுர அடி தகடு போதும் என்று அங்கேயே சொல்லிவிடலாம். கணக்குப் போட்டுப் பார்த்தால் 48.99 வருகிறது. நிபந்தனையைக் கொஞ்சம் தளர்த்தினாலோ இறுக்கினாலோ நமக்கு என்ன ஆகும் என்பதைக் கணக்கைத் திரும்பப் போடாமலே சொல்லும் எண் அது. பொருளாதாரக்காரர்கள் இதற்கு நிழல் விலை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எந்தச் சந்தையிலும் இதற்குப் பலகை எழுதித் தொங்கவிடவில்லை. ஆனால் நிபந்தனை இருக்கும் இடத்தில் எல்லாம் இந்த விலையும் இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. இந்த விலை பக்கத்தில் இருக்கும் ஊருக்கு மட்டும் செல்லும். 32 இல் இருந்து 64 கன அடிக்குப் போக 32 சதுர அடி கூடுதலாகும் என்று நினைத்தால் ஏமாந்து போவோம்; உண்மையில் 76.2 சதுர அடியிலேயே 64 கன அடித் தொட்டி முடிந்துவிடும். தொட்டி பெரிதாகப் பெரிதாகக் கன அடியின் விலை குறைகிறது; அங்கே லாம்டா 0.79தான்.

விலை என்று சொன்னது கணக்குப் பார்க்கிறவர்களுக்கு. படமாகப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு வேறொரு வழி இருக்கிறது, எனக்கு இதுதான் முதலில் புரிந்தது. மலைச்சரிவில் குறுக்காக ஓர் ஒற்றையடிப் பாதை போகிறது. உச்சிக்கு ஏறுவது நம் நோக்கம் அல்ல. பாதையை விட்டு இறங்கவும் அனுமதி இல்லை. இந்தப் பாதையிலேயே மிக உயரமான இடம் எது? சர்வே ஆஃப் இந்தியா வரைபடத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். அதில் பழுப்பு நிறத்தில் சமவுயரக் கோடுகள் வளைந்து வளைந்து ஓடும். ஒரே கோட்டில் உள்ள இடங்கள் எல்லாம் ஒரே உயரம். பாதை ஒரு சமவுயரக் கோட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது என்றால், நாம் ஏறிக்கொண்டிருக்கிறோம் அல்லது இறங்கிக்கொண்டிருக்கிறோம். வெட்டும் இடம் உச்சமாக இருக்க முடியாது, இன்னும் இரண்டடி வைத்தால் உயரம் கூடும். பாதை எங்கே ஒரு கோட்டை வெட்டாமல், தோளோடு தோள் உரசிக்கொண்டு ஒரு கணம் கூடவே ஓடுகிறதோ அங்கேதான் உச்சம்.

இரண்டு கோடுகள் உரசி ஓடும் இடத்தில், அவற்றுக்குச் செங்குத்தான திசைகளும் ஒரே நேர்கோட்டில் அமைந்துவிடும். மலை செங்குத்தாக ஏறும் திசை ஒன்று. பாதையை விட்டு விலகும் திசை இன்னொன்று. உச்சப் புள்ளியில் இந்த இரண்டும் ஒரே திசை. திசை ஒன்றுதான், நீளம் வேறாக இருக்கலாம். ஒன்றை எத்தனை மடங்கு ஆக்கினால் மற்றது வரும் என்று சொல்லும் எண்தான் லாம்டா. பெருக்கி என்ற பெயர் அதனால் வந்தது. அந்த இடத்தில் பாதையை ஓர் அடி மேல்பக்கம் தள்ளிப் போட்டிருந்தால் இன்னும் எத்தனை அடி உயரம் கிடைத்திருக்கும்? அதற்கும் அதே எண்தான் பதில்.

உரசும் இடம் எல்லாம் உச்சம் என்று நினைத்துவிடக் கூடாது. பாதையின் மிகத் தாழ்ந்த இடத்திலும் உரசும். சில இடங்களில் ஏறிக்கொண்டே போன பாதை சற்று மூச்சு வாங்கிவிட்டு மறுபடி ஏறும், அங்கேயும் உரசும். லக்ராஞ்ச் முறை சந்தேகப் பட்டியலை மட்டும் தரும். குற்றவாளியைக் கண்டுபிடிப்பது நம் பொறுப்பு. தேர்வில் இதையும் யாரும் கேட்பதில்லை.

இந்த முறையைத் தந்த ஜோசப் லூயி லக்ராஞ்ச் பிரெஞ்சுக்காரர் என்றே பலரும் நினைக்கிறோம். பிறந்தது இத்தாலியின் டூரின் நகரில், 1736 இல். 1755 இல், பத்தொன்பது வயதில், அன்றைய ஐரோப்பாவின் கணிதப் பெரியவரான ஆய்லருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆய்லர் பல ஆண்டுகள் வடிவியல் படம் போட்டுப் போராடித் தீர்த்த சிக்கல்களை, படமே இல்லாமல் வெறும் இயற்கணிதத்தில் தீர்க்க வழி இருக்கிறது என்றது அந்தக் கடிதம். ஆய்லர் பெருந்தன்மையோடு பாராட்டினார். 1766 இல் ஆய்லர் பெர்லினை விட்டுப் போனபோது அந்த இடத்துக்கு வந்தவர் லக்ராஞ்ச்தான். இருபது ஆண்டு கழித்து, 1787 இல், பாரிசுக்குப் போனார். அடுத்த ஆண்டு அவருடைய இயக்கவியல் பெருநூல் வெளிவந்தது. அதன் முன்னுரையிலேயே இந்த நூலில் படம் ஒன்றுகூட இருக்காது என்று பெருமையாக அறிவித்தார். நான் மேலே மலைப்பாதை காட்டி விளக்கியதைப் பார்த்தால் மனிதர் முகம் சுளித்திருப்பார்.

அந்த இயக்கவியல் நூலில்தான் பெருக்கிகள் முழு வலிமையோடு நுழைகின்றன. அங்கே அவை விலை அல்ல, விசை. ஊஞ்சலில் ஆடும் குழந்தையை எடுத்துக்கொள்வோம். குழந்தை எங்கே வேண்டுமானாலும் போக முடியாது. உத்தரத்துக் கொக்கியில் இருந்து எப்போதும் சங்கிலி நீளத் தூரத்திலேயே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. சமன்பாட்டில் அந்த நிபந்தனைக்கு முன்னால் ஒரு லாம்டா போட்டுத் தீர்த்தால், கடைசியில் அந்த லாம்டா சங்கிலியின் இழுவிசையைச் சொல்லிவிடுகிறது. சங்கிலி, கொக்கி, கை எதையும் சமன்பாட்டில் எழுதவில்லை. தூரம் மாறக் கூடாது என்று மட்டும்தான் சொன்னோம். அந்தச் சொல்லைக் காப்பாற்ற இயற்கை எவ்வளவு முக்க வேண்டியிருக்கிறது என்பதை லாம்டா காட்டிக் கொடுக்கிறது. ஊஞ்சல் அசையாமல் நிற்கும்போது குழந்தையின் எடை அளவு. வேகமாகக் கீழே வந்து போகும் கணத்தில் அதைவிட அதிகம். பழைய சங்கிலி பெரும்பாலும் ஊஞ்சல் அடியில் வரும்போதே அறுவதன் காரணம் இதுதான்.

இயக்கவியலை விட்டு, எந்தச் சார்பின் பெருமத்தையும் சிறுமத்தையும் காண இதே வழியைக் கையாளலாம் என்று பொதுவாக்கி எழுதியது 1797 இல் வெளிவந்த இன்னொரு நூலில். நம் தொட்டிக் கணக்கின் பாட்டனார் அந்த நூல்தான்.

இழுவிசையாக இருந்தது விலையாக மாறிய கதையில், எனக்குப் பிடித்த திருப்பம் லெனின்கிராடில் நடந்தது. 1938 இல் அங்கே ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைகளின் ஆய்வகத்தில் இருந்து ஒரு சிக்கலைத் தூக்கிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கு வந்தார்கள். எட்டு இயந்திரங்கள், ஐந்து வகை மரம். ஒவ்வோர் இயந்திரமும் ஒவ்வொரு மரத்தை ஒவ்வொரு வேகத்தில் உரிக்கும். வெவ்வேறு வகைகள் குறிப்பிட்ட விகிதத்தில் வந்தாக வேண்டும். எந்த இயந்திரத்துக்கு எந்த மரத்தைக் கொடுத்தால் மொத்த உற்பத்தி அதிகமாகும்? கேள்வி போய்ச் சேர்ந்த இடம் லியோனிட் கண்டரோவிச். வயது 26; அதற்கு நான்கு ஆண்டு முன்பே பேராசிரியர் ஆகிவிட்டவர்; அதுவரை தூய கணிதமே உலகம் என்று இருந்தவர்.

சாத்தியமான எல்லா ஏற்பாடுகளையும் ஒவ்வொன்றாகச் சோதிப்பது அன்றைக்கு ஆகாத காரியம், கணினி கிடையாது. கண்டரோவிச் வேறு வழியில் போனார். ஒவ்வொரு வகை மரத்துக்கும் ஓர் எண்ணைப் போட்டார், தற்காலிக விலை மாதிரி. அந்த விலைக்கு எந்த மரத்தை உரித்தால் தனக்கு அதிகம் தேறுமோ அதை ஒவ்வோர் இயந்திரமும் எடுத்துக்கொள்ளட்டும் என்றார். உற்பத்தியின் விகிதம் தவறினால் விலைகளை நகர்த்து. எந்த வகை குறைகிறதோ அதன் விலையை ஏற்று. சரியான விலைகள் கிடைத்துவிட்டால் சரியான ஏற்பாடு தானாக வந்துவிடும். அந்த எண்களுக்கு அவர் வைத்த பெயர் தீர்வுப் பெருக்கிகள். லக்ராஞ்சின் லாம்டாதான், வேட்டி மாற்றிக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறது. 1939 இல் சிறு நூலாக வெளியிட்டார். நேரியல் திட்டமிடல் என்று இன்று படிக்கிறோமே, அதன் பிறப்பிடங்களில் அது ஒன்று.

ஆனால் அவர் இருந்த இடம் ஸ்டாலினின் சோவியத் ஒன்றியம். ஒரு பொருளின் மதிப்பு உழைப்பில் இருந்து வருகிறது என்பது அங்கே அரசு ஒப்புக்கொண்ட கோட்பாடு. பற்றாக்குறையில் இருந்து விலை பிறக்கிறது என்று ஒருவர் சொன்னால் முதலாளித்துவ வாடை அடிக்கும். கணக்கோ சந்தேகம் இல்லாமல் அதைத்தான் சொன்னது: எந்த வளம் பற்றவில்லையோ அதற்கு விலை உண்டு, அந்த விலையைத் திட்டக்குழு விரும்பினாலும் விரும்பாவிட்டாலும். பின்னாளில் அவர் அவற்றைப் புறநிலையாகத் தீர்மானிக்கப்பட்ட மதிப்பீடுகள் என்று நீட்டி முழக்கி அழைத்தார். விலை என்ற சொல்லைத் தவிர்க்க இதைவிடச் சுற்று வழி இருக்க முடியாது. அவருடைய பொருளாதாரப் பெருநூல் அச்சேறியது 1959 இல். 1975 இல் ஜாலிங் கூப்மன்சோடு சேர்ந்து அவருக்குப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.

இதெல்லாம் எங்கோ நடந்தது. நம் வீட்டு மின்விசிறிக்குப் பின்னாலும் ஒரு லாம்டா இருக்கிறது என்பதை எனக்குச் சொன்னவர் மின்துறையில் இருக்கும் நண்பர். பேச்சுவாக்கில் "சிஸ்டம் லாம்டா" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதலாண்டில் கழற்றி விட்ட ஆள் இங்கே அதிகாரியாக உட்கார்ந்திருக்கிறாரே என்று இருந்தது.

மின்சாரத்தைப் பெரிய அளவில் சேமித்து வைப்பது கடினம் என்பதால், இந்த நொடி ஊர் எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவையும் இந்த நொடியே உற்பத்தி செய்ய வேண்டும். குறைந்தால் மின்கட்டமைப்பின் அதிர்வெண் 50 ஹெர்ட்சில் இருந்து இறங்கும், கூடினால் ஏறும். இதுதான் நிபந்தனை. ஆனால் எந்த நிலையத்தில் எவ்வளவு உற்பத்தி செய்வது? நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி சுரங்க வாசலிலேயே எரிகிறது. தூத்துக்குடிக்கு ஒடிசாவின் தால்சேரில் இருந்து ரயிலில் பாராதீப் துறைமுகம் போய், கப்பலேறி வருகிறது நிலக்கரி. இரண்டுக்கும் யூனிட் ஒன்றுக்கான எரிபொருள் செலவு ஒன்றாக இருக்காது. ஒரே நிலையத்திலும்கூட, சுமை ஏற ஏற அடுத்த யூனிட்டின் செலவு மாறும்.

கையடக்கமான எண்களில் பார்க்கலாம். எந்த உண்மையான நிலையத்தின் கணக்கும் அல்ல. முதல் இயந்திரத்தில் தொடக்க யூனிட்டுக்கு 2 ரூபாய் ஆகிறது. 100 மெகாவாட் ஏற்றும்போதெல்லாம் அடுத்த யூனிட்டின் செலவு 40 பைசா கூடுகிறது. இரண்டாவதில் தொடக்கம் 2 ரூபாய் 20 பைசா. 100 மெகாவாட்டுக்கு 20 பைசாதான் கூடுகிறது. இரண்டும் சேர்ந்து 500 மெகாவாட் தர வேண்டும். ஆளுக்குப் பாதி, 250 என்று பங்கு போட்டால் நியாயமாகத்தான் தெரியும். ஆனால் 250 இல் முதல் இயந்திரத்தின் அடுத்த யூனிட் 3 ரூபாய், இரண்டாவதில் 2.70. இரண்டு கடை, இரண்டு விலை. முதலாவதில் குறைத்து இரண்டாவதில் கூட்ட வேண்டும். முதலாவது 200, இரண்டாவது 300 என்று வரும்போது இரண்டிலும் அடுத்த யூனிட் 2.80. அங்கே நிறுத்த வேண்டும். இந்த 50 மெகாவாட்டை இடம் மாற்றியதில் மணிக்கு 7,500 ரூபாய் மிச்சம். ஒரு நாளைக்கு 1,80,000. இதே சுமை ஆண்டு முழுதும் நீடித்தால் ஆறரைக் கோடி ரூபாய்க்கு மேல். புது இயந்திரம் வாங்கவில்லை, நிலக்கரி ஒப்பந்தத்தை மாற்றவில்லை. இங்கே ஒரு திருகைக் கொஞ்சம் மூடி அங்கே கொஞ்சம் திறந்தோம், அவ்வளவுதான்.

அந்த 2.80 தான் லாம்டா. இந்த நொடி எங்கோ ஒருவர் ஏசியைப் போடுகிறார். அந்தக் கூடுதல் யூனிட்டுக்கு ஆகும் செலவு அது. எந்த இயந்திரம் அதை உற்பத்தி செய்தாலும் செலவு ஒன்றுதான். அமெரிக்காவின் பெரிய மின்சந்தைகளில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இடத்துக்கு இடம் விலை அறிவிக்கிறார்கள். அந்த விலை பேரம் பேசி வருவதல்ல, கேட்புகளை வைத்துக்கொண்டு கணினி தீர்க்கும் இந்த வகைக் கணக்கின் லாம்டாதான்.

இன்னும் ஒரு படி போகலாம். இரண்டாவது இயந்திரத்தில் ஏதோ கோளாறு, 250 மெகாவாட்டைத் தாண்டக் கூடாது என்று கட்டுப்பாடு வந்துவிட்டது. இப்போது வேறு வழி இல்லை, 250க்கு 250தான். முதல் இயந்திரத்தில் அடுத்த யூனிட் 3 ரூபாய், இரண்டாவதில் 2.70. விலைகள் சமமாகவில்லை, ஆனாலும் இதுதான் இருப்பதில் நல்ல ஏற்பாடு. அப்படியானால் அந்த 30 பைசா இடைவெளி எங்கே போனது? 250 என்ற வேலியின் விலை அது. வேலியை ஒரு மெகாவாட் தள்ளி வைக்க முடிந்தால் மணிக்கு 300 ரூபாய் மிச்சமாகும். கோளாறைச் சரிசெய்ய ஆகும் செலவு ஒரு பக்கம், இந்த 300 இன்னொரு பக்கம்; தராசில் வைத்துப் பார்த்து முடிவெடுக்கலாம். அதே வேலி 400 மெகாவாட்டில் இருந்திருந்தால்? நாம் 300க்கு மேல் போகவே இல்லை, வேலி நம்மைத் தொடவே இல்லை. அதன் விலை சுழி.

வேலி உன்னைத் தொட்டால்தான் அதற்கு விலை இருக்க முடியும், தொடாவிட்டால் இல்லை. கேட்க மிக எளிமையான இந்த விதியை முறையாக நிறுவ லக்ராஞ்சுக்குப் பிறகு ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆனது. 1951 இல் ஹரால்ட் குன், ஆல்பர்ட் டக்கர் இருவரும் வெளியிட்டார்கள். அவர்கள் பெயரிலேயே வழங்கியது. பின்னர்தான் தெரிந்தது, வில்லியம் கருஷ் என்ற மாணவர் சிகாகோ பல்கலைக்கழகத்தில் தன் முதுகலை ஆய்வேட்டில் அதை முன்பே எழுதி வைத்திருந்தார், 1939 இல். அந்த ஏடு அச்சாகவில்லை. கண்டரோவிச் லெனின்கிராடில் வெளியிட்ட அதே ஆண்டு. இருவரில் ஒருவருக்கு மற்றவர் இருப்பதே தெரியாது. இன்று அந்த விதிக்குக் கருஷ், குன், டக்கர் மூவர் பெயரையும் சேர்த்தே சொல்கிறார்கள். தாமதம் என்றாலும் நியாயம்.

விலையே இல்லாத வேலிகள் எத்தனை என்று பார்ப்பதும் ஒரு வித்தைதான். இயந்திரக் கற்றலில் ஒரு முறை உண்டு: ஆயிரக்கணக்கான புள்ளிகளை இரண்டு கூட்டமாகப் பிரிக்கும் அகலமான தெருவைத் தேடுவது. ஒவ்வொரு புள்ளியும் ஒரு வேலி, ஒவ்வொன்றுக்கும் ஒரு லாம்டா. கணக்கை முடித்துப் பார்த்தால், பெரும்பாலானவற்றின் லாம்டா சுழி. தெருவோரத்தை ஒட்டி நிற்கும் சில புள்ளிகளுக்கு மட்டும் விலை இருக்கும். மற்ற எல்லாவற்றையும் அழித்துவிட்டாலும் விடை மாறாது. 1990களில் கையெழுத்து எண்களைக் கணினி அடையாளம் காண இந்த முறை பெரிதும் கைகொடுத்தது.

இவ்வளவையும் எழுதிவிட்டுப் பக்கத்து வீட்டுப் பெண்ணின் கைடை மறுபடி புரட்டிப் பார்த்தேன். 32 கொள்ளளவுத் தொட்டிக்கு இரண்டு பக்க விடை, கடைசியில் 4, 4, 2 என்று கட்டம் கட்டிப் போட்டிருக்கிறது. லாம்டாவின் மதிப்பு எந்த வரியிலும் இல்லை. முதலாண்டுக் கணிதம் எடுக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தப் பழைய கேள்வியை மாற்ற வேண்டாம், எண்களும் அப்படியே இருக்கட்டும். அடியில் ஒரு வரி மட்டும் சேருங்கள்: கொள்ளளவு 33 ஆனால் எவ்வளவு தகடு கூடும், கணக்கை மறுபடி போடாமல் சொல்க. அதற்கு இரண்டு மதிப்பெண் போதும்.